சுடலைமுத்துவுக்கு மணி

இடது கன்னம் முடிந்துவிட்டது, இனி வலது. செத்தவர்களுக்குச் சவரம் செய்வது சுலபம் என்று யாராவது சொன்னால், அவர்கள் ஒரு தடவைகூடச் செய்து பார்த்ததில்லை என்று அர்த்தம். உயிரோடு இருக்கிறவன் கன்னத்தை உப்பிக் கொடுப்பான், மேலுதட்டை மடித்துக்கொள்வான், பிளேடு இழுத்தால் முகத்தைச் சுளித்துச் சொல்லுவான். இவன் எதுவும் கொடுக்கமாட்டான், எல்லாவற்றையும் நாமே இழுத்துப் பிடிக்கவேண்டும், விட்டால் தோல் அப்படியே நிற்கும், ஈரத்துணி மாதிரி. சிஸ்டர் எமரென்சியா பிரஷ்ஷை வெந்நீரில் முக்கினாள். வெந்நீர் எதற்கு, அவனுக்குச் சூடு தெரியவா போகிறது என்று தங்கப்பழம் சற்று முன்னால் கேட்டாள். ஆயா வேலைக்கு வந்து பதினோரு வருஷம் ஆகியும் அவளுக்கு இன்னும் கேள்வி தீரவில்லை. தெரியாதுதான். ஆனால் பச்சைத் தண்ணீரில் செய்தால் அது வேறு வேலையாகிவிடும், பாத்திரம் கழுவுகிற மாதிரி. மணி ஆறே முக்கால். இன்னாசிகுளத்துச் சூசையப்பர் இல்லத்தின் பதினெட்டுக் கட்டில்களில் பதினேழில் மூச்சு ஓடிக்கொண்டிருந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்காரர்கள் 'இனி வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருங்க' என்று கைகழுவிய பிறகு, வீடு இல்லாதவர்களும், வீடு இருந்தும் பார்க்க ஆளில்லாதவர்களும் வந்து படுக்கிற கட்டில்கள். ஒன்பதாம் கட்டில் சுடலைமுத்து விடிகிற நேரத்தில், பால்காரர் கேட்டைத் தட்டிய சத்தத்தோடு, போய்விட்டான். அவனுடைய தம்பி எட்டு மணிக்கு வேனோடு வருவதாகப் போனில் சொல்லியிருக்கிறான். உடம்பு அவர்கள் ஊருக்குப் போகும், அங்கே அவர்கள் முறைப்படி எரிப்பார்கள், அது சரி, அப்படித்தான் இருக்கவேண்டும். ஆனால் எட்டு மணிக்குள் கோயில் மணி அடிக்கவேண்டும். அடிக்கக்கூடாது என்பது கோயில் நிர்வாகம் பார்க்கிற பங்குப்பேரவையின் தீர்மானம். அவனுக்கு ஒன்பது அடி என்று சொல்லித் தொலைத்தது இவள் வாய்.

ஏன் சொன்னாய் எமரென்சி, ஏன் சொன்னாய். நுரை காதோரம் வழிந்தது, விரலால் துடைத்தாள். காது பெரிய காது, சவுண்ட் சர்வீஸ்காரன் காது. மைக்கில் வருகிற இரைச்சல் எந்த ஒயரிலிருந்து வருகிறது என்று தூரத்தில் நின்றே கண்டுபிடிக்கிற காது. இருபத்திரண்டு வருஷம் இந்த ஊர்க் கோயில் திருவிழாவுக்கு அவன்தான் சீரியல் செட், அவன்தான் குழாய் ஸ்பீக்கர். பத்துக் கிலோமீட்டர் தள்ளி ஏதோ சாஸ்தா கோயிலுக்குப் பக்கத்துக்காரன், இங்கே வந்து கொடியேற்றத்துக்கு முந்தின நாள் மணிக்கோபுரத்தில் வெறுங்காலோடு ஏறுவான், வாயில் ஒயரைக் கவ்விக்கொண்டு, இடுப்பில் கட்டிங் பிளேயரைச் சொருகிக்கொண்டு. இந்தப் பங்கில் பிறந்து, ஞானஸ்நானம் வாங்கி, புதுநன்மை வாங்கி, கல்யாணம் கட்டிய ஒரு ஆம்பளையும் அந்தக் கோபுரத்து உச்சிக்குப் போனதில்லை. கீழே நின்று, 'ஏலே முத்து, இன்னுங் கொஞ்சம் கெழக்க தள்ளிக் கட்டுல' என்று கத்துவதோடு சரி. மணிக்குப் பக்கத்து மாடத்தில் ஒரு வருஷம் ஆந்தை குஞ்சு பொரித்திருந்தது. கலைத்துவிடச் சொன்னார்கள். அவன் ஒயரைச் சுற்றிக் கொண்டுபோனான், இருபது அடி ஒயர் கூடுதலாகப் போயிற்று, அந்தப் பக்கம் மட்டும் பல்பு இல்லாமல் கோபுரம் ஒற்றைக்கண்ணன் மாதிரி நின்றது. அப்போதைய சாமியார் கோபித்துக்கொண்டார். அப்படிப்பட்டவன் தொண்டையில் போய் அந்த வியாதி வந்து உட்கார்ந்தது, எங்கேதான் வருகிறது பார், ஊருக்கெல்லாம் சத்தம் கொடுத்தவன் தொண்டையில். வரும்போதே கழுத்தில் ஓட்டை, ஓட்டையில் குழாய். அந்தக் குழாயை இவள்தான் தினம் இரண்டு தடவை கழற்றிக் கழுவினாள். இப்போது கழற்றியாகிவிட்டது, பஞ்சை வைத்து ஒட்டியிருக்கிறாள், கழுத்துச் சதையைச் சவரம் செய்யும்போது அந்த ஒட்டில் பிளேடு படாமல் பார்த்துக்கொள்ளவேண்டும். பேச முடியாதவனுக்கு ஒரு சிலேட்டு வாங்கிக் கொடுத்தாள், ஒன்றாம் வகுப்புச் சிலேட்டு, மரச்சட்டம் போட்டது. முதல் நாளே அதில் எழுதிக் காட்டினான்: 'கஞ்சில உப்பு இல்ல. எமர்ஜென்சி.' அன்றைக்கு வார்டு முழுக்கச் சிரித்தது. இவள் பேரை வைத்து ஊரில் எல்லாரும் முதுகுக்குப் பின்னால் சொல்லுகிற கேலிதான், நேருக்கு நேர் எழுதிக் காட்டியவன் அவன் ஒருத்தன். கோபம் வரவேண்டும் என்று பார்த்தாள், வரவில்லை. உப்பைக் கொண்டுவந்தாள்.

வலது கன்னத்தில் ஒரு மரு இருக்கிறது, அதைச் சுற்றிப் போகவேண்டும். ஆந்தைக் கூட்டைச் சுற்றிப் போன மாதிரி. போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, மருந்து கட்டுகிற நேரம், கோயிலில் சாவுமணி அடித்தது. சாவுமணி கேட்டால் வார்டில் ஒரு சத்தமும் இருக்காது, இருமுகிறவர்கள்கூட இருமலை அடக்கிக்கொள்வார்கள், எல்லாரும் எண்ணுவார்கள். இரண்டிரண்டாக மூன்று தடவை, ஆறு அடி என்றால் பொம்பளை. மும்மூன்றாக மூன்று தடவை, ஒன்பது என்றால் ஆம்பளை. அன்றைக்கு ஒன்பது. சூசைமாணிக்கம் வாத்தியாரின் தகப்பனார் என்று பின்னால் தெரிந்தது. எண்ணி முடித்ததும் சுடலைமுத்து சிலேட்டை எடுத்தான், எழுதினான், திருப்பிக் காட்டினான். 'எனக்கு எத்தன?' அவ்வளவுதான், இரண்டு வார்த்தை. இவள் கையில் கத்தரிக்கோல் இருந்தது, பல்லிடுக்கில் பிளாஸ்திரி இருந்தது, மனசு அடுத்த கட்டில் கிழவரின் முதுகுப் புண்ணில் இருந்தது. வழக்கத்தைக் கேட்கிறான் என்று நினைத்து வழக்கத்தைச் சொன்னாள். 'ஒம்பது. ஆம்பளைக்கு ஒம்பதுதான்.' சொன்ன மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. அவன் முகம் அப்படி மலர்ந்தது. சிலேட்டைத் திருப்பி வைத்து, பலப்பத்தால் அதன் முதுகில் தட்டினான், மூன்று, நிறுத்தி, மூன்று, நிறுத்தி, மூன்று. ஒலிபெருக்கிக்காரன், இடைவெளிகூடச் சரியாக இருந்தது. அப்போதே சொல்லியிருக்கலாம், இல்லை முத்து, அது பங்கு மக்களுக்கு மட்டும் என்று பேரவையில் முடிவு செய்திருக்கிறார்கள், எனக்கும் அதில் சம்மதம் இல்லை என்று. வாயில் பிளாஸ்திரி இருந்தது. பிளாஸ்திரியை எடுத்த பிறகும் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம், மனசு கொஞ்சம் தேறட்டும், சனிக்கிழமை சவரத்தின்போது சொல்லலாம். நாலு சனிக்கிழமை போயிற்று. கடைசிச் சனிக்கிழமை சவரம் முடிந்து கண்ணாடியைக் காட்டியபோது அவன் கண்ணாடியைப் பார்க்கவில்லை, ஜன்னல் வழியாகக் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். வழக்கத்தைத்தானே சொன்னேன், வாக்கா கொடுத்தேன் என்று இந்த ஒரு மாதமாகத் தனக்குத்தானே வாதாடிப் பார்த்தாயிற்று. அந்தப் பலப்பத்தின் சத்தம் வாதத்தைக் கேட்பதாக இல்லை.

தீர்மானத்துக்கு அவர்கள் சொன்ன காரணம் நல்ல காரணம்தான், அதுதான் எரிச்சல். கெட்ட மனுஷர்கள் கெட்ட காரணம் சொன்னால் சண்டை போடுவது எளிது. இல்லத்தில் மாதத்துக்கு இரண்டு பேர், சில மாதம் நாலு பேர் போகிறார்கள், எல்லாருக்கும் அடித்தால் ஊரில் தினம் எழவு விழுந்த மாதிரி இருக்கிறது, பிள்ளைத்தாய்ச்சிப் பெண்கள் பயப்படுகிறார்கள், பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகளுக்கு மனசு ஓடவில்லை. இதையெல்லாம் வரிசையாகச் சொல்லிவிட்டு, பேரவைத் தலைவர் ஞானாதிக்கம் சார் கடைசியில் உள்ளதைச் சொன்னார். 'அதுவும் போக சிஸ்டர், அவிய யாரும் நம்ம பங்கு இல்லையே.' பங்குச் சாமியார் இளவயசுக்காரர், நல்லவர், மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்கமாட்டான் என்பார்கள், இங்கே பூசாரி கொடுக்கத் தயார், கோயில் கமிட்டி விடாது. ஞானாதிக்கம் சாரின் அக்கா ரெஜினா நாலாம் கட்டிலில் நாலு மாதம் கிடந்தாள். அந்த உடம்பை இவள் துடைத்த துடைப்பு மாதாவுக்குத் தெரியும். போனபோது ஆறு அடி, சாரே கயிற்றைப் பிடித்து இழுத்தார், கண்ணீர் சட்டையில் சொட்டியது, இவள் பக்கத்தில் நின்று பார்த்தாள். ஒரே வார்டு, ஒரே கஞ்சி, ஒரே டெட்டால் வாசனை. நாலாம் கட்டிலுக்கு மணி உண்டு, ஐந்தாம் கட்டிலுக்கு இல்லை. ஐந்தாம் கட்டில் இசக்கியம்மாள். தீர்மானம் போட்ட மறுவாரம் போனாள், பீடிக்கு இலை வெட்டியே விரல் வளைந்த மனுஷி. ஊர் கண்ணில் படவேண்டாம் என்று பின்கேட் வழியாகக் கொண்டுபோகச் சொன்னார்கள், இவளும் சரி என்றாள். ஆமாம், இவள்தான் சொன்னாள், வேறு யாரும் இல்லை, கீழ்ப்படிதல் என்று மனசுக்குள் ஒரு பேரும் வைத்துக்கொண்டாள். பின்கேட்டில் கருவேல முள் சேலையைப் பிடித்தது. ஸ்ட்ரெச்சரின் கால்மாட்டைத் தூக்கிக்கொண்டு வந்த தங்கப்பழம், 'செத்த பூனயத் தூக்கிட்டுப் போற மாதிரில்லா போறோம் சிஸ்டர்' என்றாள். அன்றைக்கு அதட்டினாள். அந்த அதட்டல்தான் இன்னும் போகவில்லை, அடித்தொண்டையில் முள்ளாக நிற்கிறது.

தாடைக்கு அடியில் பிளேடு மொண்ணையாகிவிட்டது. வேறு பிளேடு போட்டாள், அறுபத்தொரு வயசுக் கை மெதுவாகத்தான் போட்டது. பயம்தான், மறைப்பானேன். சபைத் தலைவி மதர் ஜசிந்தா போன மாதம் போனில் எவ்வளவு மெதுவாகப் பேசினார்கள். மதர் மெதுவாகப் பேசினால்தான் பயப்படவேண்டும். 'இன்னொரு தடவ பங்கோட மோதினா உங்கள மாத்துறதத் தவிர எனக்கு வேற வழியில்ல சிஸ்டர்.' மாற்றம் என்றால் எங்கே என்று தெரியும். மதுரையில் சபையின் விருந்தினர் இல்லம், வருகிற பிஷப்புகளுக்கு மெத்தை விரிப்பு மாற்றுவது, பூஜாடியில் பிளாஸ்டிக் ரோஜாவைத் தூசி தட்டுவது, சாயந்தரம் ஜெபமாலை, ராத்திரி சப்பாத்தி. கண்ணியமான இடம், கால்வலிக்கு நல்லது என்பார்கள். அங்கே ஒருத்தரும் சாகமாட்டார்கள். இருபத்தெட்டு வருஷம் சாகிறவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து, அது இல்லாமல் எப்படி இருப்பது என்று இவளுக்குத் தெரியாது. நாக்கு வறண்டவர்களுக்குப் பஞ்சில் தண்ணீர் தொட்டு வைப்பது, கடைசி மணிநேரத்தில் அவர்கள் விரல் இவள் சேலை நுனியைத் தேடுவது, தேடிப் பிடித்துக்கொள்வது. கெட்ட ஆசையாகக்கூட இருக்கலாம், பாவசங்கீர்த்தனத்தில் ஒரு தடவை சொல்லியிருக்கிறாள், அந்தச் சாமியாருக்குப் புரியவில்லை. இன்றைக்குக் கயிற்றைத் தொட்டால் இந்தப் பதினேழு கட்டிலும் போய்விடும். பதினெட்டாவதுக்காகப் பதினேழை விடுவதா, கணக்குத் தெரிந்தவள் செய்கிற வேலையா இது. கூடாது. தம்பி வருவான், வேனில் ஏற்றுவோம், முன்கேட் வழியாக அனுப்பிவிடலாம், அதுவே போதும். இவளே மெழுகுதிரி பிடித்து நிற்கலாம். போதும் என்றது மனசு. மறுபடியும் பலப்பம் தட்டியது, மூன்று, நிறுத்தி, மூன்று.

சரி, முகத்தைக் கழுவுவோம். குவளையில் தண்ணீர் மொண்டு, துணியில் நனைத்து, நெற்றியிலிருந்து கீழே. தண்ணீரை எடுக்கும்போதெல்லாம் வருகிற அந்த வாசகம் இப்போதும் வந்தது. முன்வராந்தாச் சுவரில் பெயின்ட்டில் எழுதியிருப்பது, சபையைத் தொடங்கிய அன்னையின் முதல் ஒழுங்கு: 'முதலில் தண்ணீர், பிறகு பெயர்.' காலரா வருஷத்தில் அந்த அம்மாள் நாற்சந்தியில் பானையோடு உட்கார்ந்தாளாம், வருகிறவன் என்ன ஊர், என்ன சாதி, என்ன சாமி என்று ஒன்றும் கேட்காமல் முதலில் ஒரு குவளை. குடித்து முடித்த பிறகுதான் பெயர். காரணம், பெயரை முதலில் கேட்டால் சிலருக்குத் தண்ணீர் கொடுக்க மனசு வராது. மனுஷ மனசு அப்படி, அன்னைக்குத் தெரிந்திருக்கிறது. இன்றைக்கும் இல்லத்தில் ரிஜிஸ்டரை எடுக்கும் முன்னால் குவளையை எடுக்கவேண்டும், புதுசாக வருகிற சிஸ்டர்கள் மறந்தால் இவள் கத்துவாள். எத்தனை தடவை கத்தியிருக்கிறாள். துணியைப் பிழிந்தாள், கன்னத்தில் ஒற்றினாள், கை அப்படியே நின்றது. முதலில் தண்ணீர், பிறகு பெயர். இந்த ஊரில் சாவுமணி கேட்டால் என்ன செய்கிறார்கள்? யார் என்று கேட்கிறார்களா? இல்லையே. முதலில் ஜெபம். இடுப்பில் குடத்தோடு போகிறவள் குடத்தை இறக்கிவைப்பாள், சைக்கிளில் போகிறவன் காலை ஊன்றுவான், டீக்கடையில் ரேடியோவை அமத்துவார்கள், நெற்றியில் சிலுவை போட்டு, செத்தவருக்கு நித்திய இளைப்பாற்றியைக் கேட்டு ஜெபம் சொல்லி, ஆமென் சொன்ன பிறகுதான் பக்கத்தில் நிற்கிறவரைப் பார்த்து, 'யாரு?' அப்படித்தான் அவர்கள் தாய் தகப்பன் பழக்கியிருக்கிறார்கள். பிறகுதான் பெயர்! அட பைத்தியக்காரி எமரென்சி, ஒரு வருஷமாகப் பேரவையில் பேசிப் பேசித் தொண்டைத் தண்ணீர் வற்றியதே, அனுமதி தா, அனுமதி தா என்று. அனுமதியை இந்த ஊர் எப்போதோ தந்துவிட்டது, பிறக்கும்போதே தந்துவிட்டது. யாரிடம் கேட்கிறாய்? அடக்கமுடியாமல் ஒரு சிரிப்பு வந்தது, செத்தவன் முகத்துக்கு எதிரே சிரித்தாள், அவன் இருந்தால் சிலேட்டில் ஏதாவது எழுதியிருப்பான்.

தலையணைக்கு அடியில் அவன் வைத்திருந்த திருநீற்றுப் பொட்டலத்தைப் பிரித்து, மூன்று விரலால் நெற்றியில் பூசினாள். சரியாக வந்திருக்கிறதா என்று தலையைச் சாய்த்துப் பார்த்தாள். அவனை யாரும் எதுவாகவும் மாற்றவில்லை, மாற்றவும் கூடாது, வந்தமாதிரியே போகட்டும், மணியோடு போகட்டும். 'தங்கப்பழம், இவன்கிட்ட கொஞ்சம் இரு. வேன் வந்தா முன்கேட்ட ரெண்டு கதவையும் தெறந்து வையி.' தங்கப்பழம் இவள் முகத்தைப் பார்த்தாள். 'எங்க போறிய சிஸ்டர்?' 'கோயிலுக்கு.' 'பூசைதான் முடிஞ்சிட்டே.' சேலைத் தலைப்பைச் சொருகிக்கொண்டு நடந்தாள். தெரு முழுக்க ஏழரை மணி வெயில், வாசல் தெளித்த ஈரம், ஒவ்வொரு வீடாகத் தாண்டும்போதும் திரும்பிவிடு திரும்பிவிடு என்று மனசு சொன்னது, மதுரையின் பிளாஸ்டிக் ரோஜா ஒரு தடவை கண்ணில் வந்தது. வரட்டும். தூசி தட்டத் தெரியாதா எனக்கு. அங்கேயும் சமையல்காரி என்று ஒருத்தி இருப்பாள், அவளுக்கும் ஒரு நாள் சாவு வரும், அப்போது பார்த்துக்கொள்ளலாம். கோபுரத்துக்குக் கீழே, கோயில் வேலை பார்க்கிற உபதேசியார் வியாகப்பன் சாவியோடு நின்றிருந்தார், பூட்டுகிற நேரம். இவளைப் பார்த்ததும் புரிந்துவிட்டது, பழைய மனுஷர். 'சிஸ்டர், தலைவர் கேட்டா நான் என்ன சொல்லுவேன்?' 'கெழவி கயிறப் பிடுங்கிட்டான்னு சொல்லும். பொய்யில்லையே.' பிடுங்கவேண்டிய அவசியம் இருக்கவில்லை. அவர் சாவியைக் கீழே போட்டுவிட்டு அதைத் தேட ஆரம்பித்தார், காலடியில் கிடந்த சாவியை வெகுநேரம் தேடினார்.

கயிறு சணல் கயிறு, உள்ளங்கையை அறுத்தது. ஒன்று. இரண்டு. மூன்று. மேலே புறாக்கள் சிதறின. வாசல் வழியாகத் தெரு தெரிந்தது. மீன்காரி கூடையை இறக்கினாள். டீக்கடை ரேடியோ நடுவார்த்தையில் நின்றது. கைகள் நெற்றிக்குப் போயின, வாய்கள் அசைந்தன, அடுத்தடுத்து, தெரு முனை வரைக்கும். இல்லத்து ஜன்னல்களில் பதினேழு பேரும் எண்ணிக்கொண்டிருப்பார்கள். நாலு. ஐந்து. ஆறு. பெரிய வாசலில் ஞானாதிக்கம் சார், சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு, தோள் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு வேகமாக வந்தார், முகத்தில் நிஜமான துக்கம், ஊரில் யாரோ போய்விட்டார்கள் என்ற துக்கம். 'சிஸ்டர், நீங்களா அடிக்கிய? யாரு? நம்ம பெரிய வீட்டு அந்தோணியா?' இவள் கயிற்றை விடவில்லை. 'சொல்லுதேன். மொதல்ல நீங்க சொல்லுங்க சார். ஜெபம் சொன்னியளா?' 'இது என்ன கேள்வி. மணி கேட்டா வாய் தன்னால சொல்லுமே.' 'ஆமென் சொன்னியளா?' 'சொன்னேன் சிஸ்டர், யாருன்னு சொல்லுங்க.' 'சுடலைமுத்து. ரேடியோ செட் சுடலைமுத்து.' அவர் முகம் மாறுவதைப் பார்த்தாள், துக்கம் போய்க் கோபம் வருகிற வழியில் வேறு எதுவோ ஒன்று குறுக்கே வந்து நின்றது. மேலே பார்த்தார். போன திருவிழாவுக்குக் கட்டி அவிழ்க்காமல் விட்ட ஒயர் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது, ஆந்தை மாடத்தைச் சுற்றிக்கொண்டு. 'இது மதர் வரைக்கும் போவும் சிஸ்டர்' என்றார், குரல் முன்போல இல்லை. 'போவட்டும். நீங்க சொன்ன ஜெபத்தத் திருப்பி வாங்க முடியுமா சார்? வாங்க முடிஞ்சா வாங்கிக்கிடுங்க, நான் நிறுத்திக்கிடுதேன்.' முழு உடம்பையும் கொடுத்து இழுத்தாள். ஏழு. அவன் சொல்லிக்கொடுத்த இடைவெளி பிசகவில்லை. எட்டு. ஒன்பதாவது அடி விழுந்தபோது ஞானாதிக்கம் சாரின் வலது கை, அவரைக் கேட்காமலே, நெற்றிக்குப் போயிற்று.